எம் பள்ளித் தோழர்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய நினைவுரை)



சென்ற மார்கழியில், திருவெம்பாவைப் பூசை நடந்துகொண்டிருந்த நாட்களில், தமது 76ஆம் வயதிற் சிவபதம் அடைந்த எம் பள்ளித் தோழரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அவர் பெயரை இங்கே யாம் கூறப்போவதில்லை. தம் பெயர் மேடையில் ஒலிப்பதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஊரார் அவரை "வாத்தியார்" என்றே அழைத்தனர். அந்தப் பெயரே இன்றைக்கும் போதும்.

சைவ நெறியிலே தோழமைக்கு உயர்ந்த இடம் உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்னும் நான்கில், சுந்தரமூர்த்தி சுவாமிகள் நின்றது சகமார்க்கம். இறைவனையே தோழனாகக் கொண்டு ஊடவும் உரிமை பாராட்டவும் அவரால் முடிந்தது. திருவள்ளுவரும் நட்பு, நட்பாராய்தல், பழைமை என அதிகாரம் அதிகாரமாக இப்பொருளை விரித்தார். நண்பன் என்பவன் கூடியிருந்து சிரிப்பதற்கு மாத்திரம் உரியவன் அல்லன், வழி தவறும்போது முன்வந்து இடித்துரைப்பதற்கும் உரியவன் என்பது அவர் கருத்து. நமது விபுலாநந்த அடிகள், முற்றத் துறந்த முனிவராயிருந்தும், நண்பரொருவரின் பிரிவுக்கு ஆற்றாது "கங்கையில் விடுத்த ஓலை" என்னும் செய்யுளைப் பாடினார். துறவிக்கே அந்நிலை எனின், எம் போன்றோர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

அவருடைய அந்தியேட்டி நாளில் வெளியிட்ட கல்வெட்டிலே யாமும் ஒரு பக்கம் எழுதினோம். அவருடைய பிறப்பு, கல்வி, ஆசிரியப்பணி, கோயிற்றொண்டு ஆகிய யாவும் அதிற் கண்டன. எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இன்று யாம் எழுந்து நிற்பது அந்த ஒன்றைச் சொல்வதற்காகவே.

யாமும் அவரும் 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலே, ஒரே குறிச்சியிற் பிறந்தவர்கள். ஒரே விசயதசமியில் ஒரே குருக்களின் கையைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதினோம். ஊர்ச் சைவப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து நாவலர் பெருமானுடைய பாலபாடத்தைப் படித்தோம். அந்த வாங்கில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். அவர் ஊரின் எல்லையிலே, பனங்கூடலுக்கு அப்பால், ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்தவர். கணக்கில் எம் இருவரிலும் அவரே வல்லவர். எம் நண்பரோ கணக்கில் மிகவும் பின்தங்கியவர். பின்னக் கணக்கு வந்தால் மூன்றாமவரின் கொப்பியை எட்டிப் பார்ப்பார். அதற்கு விலையாகத் தேவாரத்துக்குப் பண் சொல்லிக் கொடுப்பார். இவ்விதமாக அந்த வாங்கிலே பண்டமாற்று நடந்துகொண்டிருந்தது.

எமக்குக் கற்பித்த தலைமை ஆசிரியர் பழைய காலத்து மனிதர். 1927ஆம் ஆண்டு கார்த்திகையில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது, சிறுவராயிருந்து தந்தையாரின் தோளில் ஏறிநின்று அவரைக் கண்டதாகக் கூறுவார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, பாடசாலைகளிற் சமஆசனமும் சமபோசனமும் வேண்டும் என்று முழங்கிய காலத்தையும் அவர் கண்டவர். ஆதலால் எமது பாடசாலையிலே வாங்கு பொதுவாயிருந்தது. ஆனால் பாடசாலைப் படலையைத் தாண்டியதும் அந்தப் பொதுமை நின்றுவிடும். தேநீர்க் கடையில் எமக்கு மூக்குப்பேணி, மூன்றாமவருக்குச் சிரட்டை. கிணற்றடியில் யாம் துலாவைப் பிடித்து அள்ளலாம். அவர் கையேந்தி நிற்கவேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் கொழும்பில் இருந்தது. துலா எமது ஊரில் இருந்தது.

இளைஞர்களே, இனிக் கூறப்போவது 1968ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. சித்திரைச் சதயத்தன்று எமது ஊர் மடத்தில் அப்பர் சுவாமிகள் குருபூசை. எமக்கு இருபது வயது. எம் நண்பர் ஆசிரிய பயிற்சிக்குத் தெரிவாகி இருந்தார். யாம் எழுதுவினைஞர் பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருந்தோம். மூன்றாமவர் மேசன் வேலை பழகிக்கொண்டிருந்தார். அந்த மடத்தின் திண்ணையைப் பூசிக்கொடுத்தவர் அவரே; கூலியும் வாங்கவில்லை. பூசை முடிந்து பந்தி வைத்தார்கள். எம் நண்பர் அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து எமக்கு நடுவில் இருத்தினார், பழைய வாங்கில் இருந்தது போலவே. இலை போட்டாயிற்று. அப்போது பெரியவர் ஒருவர் வந்து, உரத்த குரலிலுங்கூட அல்ல, மெல்லவே, "தம்பி, உனக்கு வெளியிலை போட்டிருக்கு" என்றார். மூன்றாமவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வேலியோரம் போய் இருந்தார்.

எம் நண்பர் சற்று நேரம் தம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் இலையைச் சோற்றோடு இரு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து, பந்தியைக் கடந்து வெளியே போய், வேலியோரத்தில் மூன்றாமவருக்குப் பக்கத்திற் சம்மணமிட்டு இருந்து உண்ணத் தொடங்கினார். மடம் முழுவதும் அமைதியாயிற்று. போகும்போது அவர் எம்மை ஒருமுறை பார்த்தார். அழைக்கவில்லை, பார்த்தார், அவ்வளவே.

யாம் எழவில்லை.

எமது தந்தையார் அதே பந்தியில் இருந்தார். எமக்கு வேலை கிடைப்பதற்குச் சிபாரிசு செய்யவேண்டியவரும் அங்கேயே இருந்தார். சோறு ஆறிவிடும் என்று யாரோ சொன்னார்கள். யாம் தலையைக் குனிந்துகொண்டு உண்டோம். பாயசம் வரை உண்டோம். நாளெல்லாம் உழவாரம் ஏந்தித் தொண்டு செய்த அப்பர் சுவாமிகளின் குருபூசையிலே, எம் தோழர் இருவரும் வேலியோரம் இருக்க, யாம் பாயசம் உண்டோம். கல்வெட்டிலே யாம் எழுதாமல் விட்டது இதுதான்.

அதே ஆண்டிலேதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்று, நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. எமது ஊரிலும் வீடுகள் இரண்டுபட்டன. நண்பரை அவருடைய தமையனார் ஓராண்டு வீட்டுக்கு அண்டவிடவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் முறையிட்டதில்லை. எம்முடனும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முன்போலவே வந்தார், முன்போலவே புத்தகம் இரவல் கேட்டார். அந்த மதியப் பொழுதைப் பற்றி மாத்திரம் அவரும் பேசவில்லை, யாமும் பேசவில்லை.

பின்பு யாம் கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போனோம். விடுமுறைக்கு யாழ்தேவியில் வந்து இறங்குவோம். சுன்னாகம் புகையிரத நிலையத்தில் அவர் சயிக்கிளோடு நிற்பார். அவர் ஊரிலேயே ஆசிரியராக இருந்தார். நகரப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தபோதும் போகவில்லை. ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்திலே சமய வகுப்பு நடத்தினார். கந்தபுராணம் படிக்கும் காலத்திற் பயன் சொல்லுவார். அவர் குரல் இனிமையானது என்று சொல்லமாட்டோம்; கோபமும் சற்று அதிகம். யாரேனும் ழகரத்தைப் பிழைபட உச்சரித்தால், புராணத்தை நிறுத்திவிட்டுத் திருத்துவார். சூரபதுமன் போர்க்களத்தில் காத்துக்கொண்டு நிற்பான்.

அவருடைய வகுப்பிலே ஒரு வழக்கம் இருந்தது. புராணக் கதை ஒன்றைச் சொல்லி முடித்ததும், "அந்த இடத்திலை நீ நிண்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். அவர் அடிக்கடி சொல்லுவது திருநீலநக்க நாயனார் கதை. திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம்முடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் அன்றிரவு தங்க இடம் கேட்கிறார். பாணர் குலத்தவருக்கு அந்தணர் வீட்டில் எங்கே இடம்? நீலநக்கர் வீட்டின் நடுவிலே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே இடம் கொடுக்கிறார். அத்தீயும் வலமாகச் சுழித்து எழுந்தது என்று சேக்கிழார் பெருமான் கூறுவார். கதையைச் சொல்லிவிட்டு, "நீ வீட்டுக்காரன் எண்டால் எங்கை இடம் குடுத்திருப்பாய்?" என்பார். பிள்ளைகள் எல்லாம் "நடு வீட்டிலை" என்று கூவும். "வாயாலை குடுக்கிறது சுகம்" என்று சிரிப்பார். ஒருநாள் யாம் தூணோரம் நின்று அதைக் கேட்டோம். அவர் எம்மைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதே அவருடைய அன்பு.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அச்செய்தியை அவர் எமக்கு எழுதிய கடிதம் நான்கே வரிகள். நான்காவது வரி, தாம் வீடுவீடாகப் போய்ப் பழைய நூல்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னது. பழைய புராணப் பதிப்புகள், பஞ்சாங்கங்கள், வாகடச் சுவடிகள், கல்வெட்டுகள் எனக் கறையானுக்குக் காத்திருந்தவை எல்லாம் அவர் வீட்டு றங்குப்பெட்டிகளுக்கு வந்தன. 1983 ஆடியில், கொழும்பில் இருந்ததையெல்லாம் இழந்து, அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் யாம் இறங்கியபோது, கரையில் அவர் நின்றார். எந்தக் கப்பலில் வருவோம் என்று அவருக்குத் தெரியாது. வந்த கப்பல்களுக்கெல்லாம் வந்து நின்றிருக்கிறார். கையில் ஒரு வேட்டியும் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தன.

பின்னர் 1990 தொடக்கம் பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன்போல ஆயிற்று, வானொலிக்கு மின்கலம் இல்லாமல் சயிக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்ட ஒற்றை விளக்கைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகளை இருத்தி அவர் படிப்பித்தார். விளக்குக்கு அண்மையில் இருக்கும் இடத்தை நாளுக்கொருவருக்கு முறைவைத்துக் கொடுத்தார். எந்தக் குறிச்சிப் பிள்ளை என்ற கணக்கு அங்கே இல்லை. பின்னக் கணக்குத் தெரியாதவர் இந்தக் கணக்கை மாத்திரம் பிழையறச் செய்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வலிகாமத்து மக்கள் யாவரும் மழையில் நனைந்துகொண்டு ஒரே இரவில் வீதிக்கு வந்தோம். நண்பர் தம் வயோதிபத் தாயாரைச் சயிக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். றங்குப்பெட்டிகளைக் கொண்டுவர வழியில்லை. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க, ஒரு மணி நேர வழிக்கு இரவும் பகலும் சென்றன. ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம். யார் எந்தக் குலம் என்று அந்த வெளியில் ஒருவரும் கேட்கவில்லை.

தென்மராட்சியில் எங்கே போவது என்று யாம் திகைத்தோம். நண்பர் திகைக்கவில்லை. நேரே எம்மை ஓர் ஒழுங்கையால் அழைத்துப் போனார். அது மூன்றாமவருடைய வீடு. அவர் அங்கே திருமணம் செய்து குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு அறையுள்ள சிறு வீடு. அதற்குள்ளும் முற்றத்திலுமாக அன்று நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். பெரிய பானையிற் கஞ்சி கொதித்தது. பலாவிலை கோலிக் கொடுத்தார்கள். யாம் படலையடியிலே, மழைத் தண்ணீருக்குள், உள்ளே போகக் கால் எழாமல் நின்றோம். மூன்றாமவர் கண்டுவிட்டார். தாமும் எம் நண்பரும் இருந்த பாயிலே சற்று நகர்ந்து நடுவில் இடம்விட்டு, "ஏன் வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கை வந்து இதிலை இரும்" என்றார்.

அந்தச் சொற்களை அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் அந்தக் குருபூசையை நினைத்தாரோ இல்லையோ, அவர் முகத்தில் மழையிலே நனைந்து வந்த தோழன்மேல் உள்ள இரக்கம் ஒன்றே இருந்தது. யாம் போய் நடுவில் இருந்தோம். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு உண்டோம். பலாவிலையில் இருந்தது கஞ்சியோ கண்ணீரோ என்று யாம் அறியோம்.

1996இல் ஊருக்குத் திரும்பினோம். நண்பரின் வீட்டுக் கூரை சரிந்து, றங்குப்பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து, நூல்கள் யாவும் செல்லரித்துக் கிடந்தன. பதினான்கு ஆண்டுத் தேட்டம். யாம் வாய்விட்டு அழுதோம். அவர் அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரித்து, வந்த ஆறு பிள்ளைகளுக்கு நினைவிலிருந்தே கதை சொன்னார். நூல் போனாலும் கேட்டவர் காதில் இருக்கும் என்பது அவர் எண்ணம். மகன் வெளிநாட்டுக்கு அழைத்தும் அவர் போகவில்லை. அந்த வகுப்பு சென்ற கார்த்திகை வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை.

மூன்றாமவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவரிடம் யாம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நாளை கேட்போம், அடுத்தமுறை கண்டபோது கேட்போம் என்று தள்ளித் தள்ளி, அவருடைய செத்தவீட்டுக்கே போய் நின்றோம். அந்தக் கடன் இனித் தீராது.

எம் நண்பர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோது, இதையாவது தவறவிடக்கூடாது என்று எண்ணி, ஒரு மாலை அவருடைய கட்டிலருகே இருந்து, "அண்டைக்கு நான் எழும்பியிருக்கவேணும்" என்றோம். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளாக எமக்காகவே அந்த வார்த்தையை எதிர்பார்த்திருந்தவர் போல, எமது கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரங் கழித்து, "அதை என்னட்டைச் சொல்லி என்ன பலன்? பொடியளுக்குச் சொல்லும்" என்றார்.

ஆகவேதான், இளைஞர்களே, சொல்லிவிட்டோம்.

இதைக் கேட்டு நீங்கள் எம்மை இகழ்ந்தால் அது நியாயமே. ஆனால் இகழ்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அன்று அந்தப் பந்தியில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். தேவாரம் ஓதுபவர்கள், தானம் செய்பவர்கள். எமக்கும் அது பிழை என்று அப்போதே தெரியும். தெரிந்தது போதவில்லை. ஒருவர் எழுந்தார், இன்னும் இருவர் எழுந்திருந்தால் பந்தியே வேலியோரம் போயிருக்கும். எழாமல் விட்டவர் ஒவ்வொருவரும் மற்றவர் எழட்டும் என்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரட்டை இன்று எமது ஊர்த் தேநீர்க் கடையில் இல்லை, துலாக்களும் போய்விட்டன. எனினும் திருமணப் பேச்சிலும் கோயில் நிருவாகத்திலும் தேர்வடம் பிடிக்கும் இடத்திலும் அந்த "வெளியிலை போட்டிருக்கு" என்ற மெல்லிய குரல் இன்னும் கேட்கவில்லை என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல எவராலும் இயலுமா?

பெரியோர்களே, எம் வயதினர்க்கும் ஒரு வார்த்தை. பழைய பிழைகளை மறைத்துப் பழம்பெருமையை மாத்திரம் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்லுதல் முறையன்று. பெருமையைப் போலவே பிழையும் முதுசொம்தான். அதையும் கணக்கொப்புவித்தே போகவேண்டும்.

சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்து அமர்கின்றோம். நண்பர் மறைந்த நாள்முதல் கோயில் மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு நடைபெறவில்லை. பாய் சுருட்டியபடி இருக்கிறது. உங்களில் இருவர் முன்வந்து அதை விரிக்கவேண்டும். எமக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. ஆயினும் கதை சொல்ல வருவோம், ழகரம் திருத்த யாராவது இளையவர் வேண்டும். இரண்டாவது, வருகின்ற சித்திரைச் சதயத்தில் அப்பர் சுவாமிகள் குருபூசையைச் சங்கமே பொறுப்பேற்று அதே மடத்தில் நடத்தவேண்டும். பந்தியை ஊர் எல்லைவரை சென்று அழைத்து ஒரே வரிசையாக வைக்கவேண்டும். எங்கே இருக்கவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லலாகாது. ஒரே ஓர் இடத்தை மாத்திரம் எமக்காக ஒதுக்கித் தாருங்கள். அந்த வேலியோரம் இப்போது மதிலாகிவிட்டது. அம்மதிலருகே, எம் தோழர் இருவரும் இருந்த அந்த இடத்திலே, எமக்கு ஓர் இலை போடுங்கள். காலந்தாழ்த்தியேனும் அங்கே போய் இருக்க விரும்புகின்றோம்.

எம் தோழர் இருவரின் ஆன்மாவும் இறைவன் திருவடி நீழலில் இளைப்பாறுவதாக.